எடைக்கல் இளைத்த கதை

ஓமான் நாட்டில் சோஹார் துறைமுகத்தை ஒட்டி ஆலைக்கு மேல் ஆலையாக எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அங்கே ஒரு தொழிலாளர் கேம்ப்பில் பன்னீர்செல்வம் என்று ஒருவர் இருந்தார், கண்ணுகளா. புதுக்கோட்டைப் பக்கத்து ஆள். சாரம் கட்டுகிற வேலை. படுக்கையில் அவர் திரும்பிப் படுத்தால், மேல் கட்டிலில் தூங்குகிற கார்மேகம் கப்பலில் போவது மாதிரிக் கனவு காண்பான். உடம்பு சரியாக நூறு கிலோ. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அந்த நூறு கிலோவுக்கு கேம்ப்பில் தனி மதிப்பு இருந்தது. லீவில் ஊருக்குப் போகிறவன் அட்டைப்பெட்டி கட்டுவான் அல்லவா? விமானத்தில் முப்பது கிலோவுக்கு மேல் விடமாட்டார்கள். கேம்ப்பில் இருந்ததோ ஆள் ஏறி நின்று பார்க்கிற சின்னத் தராசு. பெட்டியை அதன்மேல் வைத்தால் முள்ளே மறைந்துபோகும். அதனால் ஒருவர் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறி நிற்க வேண்டும். இன்னொருவர் தரையில் கன்னத்தை வைத்து முள்ளைப் பார்த்து, ஆளுடைய எடையைக் கழிக்க வேண்டும். மற்றவர்கள் உடம்பு ஓவர்டைம் மாதத்தில் இறங்கும், பெருநாள் மாதத்தில் ஏறும். பன்னீர்செல்வம் வந்த நாளிலிருந்து நூறு. நூறைக் கழிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஆகவே யார் பெட்டி கட்டினாலும் கூப்பிடுவது அவரைத்தான். கேம்ப்பின் எடைக்கல் அவர்.

இவ்வளவு கனத்த மனிதருக்குப் பிடித்த இடம் எது தெரியுமா? உயரம். கீழே நடக்கும்போது மூச்சு வாங்குகிறவர், குழாய்க்கு மேல் குழாய் கோத்துச் சாரத்தின் உச்சிக்குப் போய்விட்டால் சிட்டுக்குருவி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, நடுவில் காற்று. சாப்பாட்டு மணி அடித்தாலும் அவரைக் கீழே இறக்குவதற்குள் ஃபோர்மேனுக்குத் தொண்டை கட்டும்.

அந்த உச்சிக்குத்தான் ஒரு நாள் கேடு வந்தது. புதிதாக வந்த சேஃப்டி ஆபீசர் ஒரு விதி போட்டார். இடுப்பில் மாட்டுகிற பெல்ட் நூறு கிலோவைத்தான் தாங்கும். ஹெல்மெட், பூட்ஸ், ஸ்பானர் எல்லாம் போனால் ஆள் தொண்ணூறுக்குள் இருக்க வேண்டும். இல்லாதவன் ஏறக்கூடாது. பன்னீர்செல்வத்தை இறக்கிக் கிடங்கில் போல்ட்டும் நட்டும் பிரிக்கிற வேலையில் உட்காரவைத்தார்கள். வருட மெடிக்கலுக்குள் உடம்பைக் குறைத்தால் மறுபடி ஏறலாம். குறைக்காவிட்டால் காண்ட்ராக்ட் முடிகிற வரை கிடங்குதான். கிடங்குக்கு ஜன்னல்கூட இல்லை.

கம்பெனி கிளினிக்கில் டாக்டர் ஆமிரா என்று ஒரு பெண். சோஹார்க்காரர், பலூச்சிக் குடும்பம், ஹிந்தியில் பொரிந்து தள்ளுவார். ரத்தத்தைப் பார்த்துவிட்டு, கொழுப்பு ஏறியிருக்கிறது, கறியைக் குறை, நெய்யைக் குறை, பால் டீயைக் குறை என்றார். பன்னீர்செல்வம் உட்கார்ந்து யோசித்தார். அவருக்குத் தன்னைப்பற்றி நன்றாகத் தெரியும். ஒரு துண்டு கறிக்கு அனுமதி கிடைத்தால் எட்டுத் துண்டில் போய் நிற்பார். குறைப்பது அவரால் ஆகாது, விடுவதென்றால் ஆகும். கறி, மீன், முட்டை, பால், தயிர், நெய், தேன் வரைக்கும் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். டாக்டர் புருவத்தை உயர்த்தி, அப்படியும் சாப்பிடலாம், நல்லதுதான், ஆனால் எடுத்ததுக்குப் பதிலாக என்ன வைக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று நீளமாக விளக்கினார். பன்னீர்செல்வத்துக்குத் தெரிந்தது வேலை இடத்தில் பொறுக்கிய சைட் ஹிந்தி. ‘நல்லதுதான்’ வரைக்கும் புரிந்தது. மிச்சத்துக்கு அச்சா அச்சா என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

மெஸ்ஸில் சமைக்கிற மாயாண்டி உசிலம்பட்டிக்காரர். செய்தி கேட்டு அவர் கரண்டியை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, உன் பங்குக் கறியை வீணாக்க எனக்கு மனசு வராது, அதை நானே பொறுப்பெடுத்துக்கிறேன் என்று ஆறுதல் சொன்னார். சொன்னபடி பொறுப்பெடுத்தும் கொண்டார்.

செடியில் காய்த்தது எதுவும் உடம்பில் ஒட்டாது என்பது பன்னீர்செல்வத்தின் கணக்கு. உருளைக்கிழங்கு செடி. வாழைப்பழம் செடி. சர்க்கரையும் கரும்புதானே என்று பால் இல்லாத சுலைமானி டீயில் நாலு கரண்டி போட்டார். எண்ணெய் கடலையிலிருந்து வருகிறது, அதனால் வடைக்கும் தடையில்லை. கிடங்குக் காவலர் நூஹு, ஓமானிக் கிழவர், தினமும் பத்து மணிக்குச் சின்னக் கோப்பையில் காவா என்கிற அரபுக் காப்பியை ஊற்றிப் பேரீச்சம்பழத் தட்டை நீட்டுவார். அந்த ஊர் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோப்பையை இப்படி லேசாக ஆட்டினால் போதும் என்று அர்த்தம். ஆட்டாதவரைக்கும் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். பன்னீர்செல்வத்துக்கும் இது தெரியும். தெரிந்தும் ஆட்டவில்லை. ஒரு கோப்பைக்கு ஒரு பழம், பேரீச்சையும் மரத்தில் காய்த்ததுதானே.

மாதம் முடிந்து தராசில் ஏறினார். நூற்று மூன்று. வெட்கத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்த வாரம்தான் அன்பரசன் என்கிற வெல்டர் பையன் லீவில் போனான். அவர் பெட்டியைப் பிடித்து நிற்க, வழக்கம்போல் நூறைக் கழித்து, முப்பது கிலோ என்று கட்டிக்கொண்டு போனான். ஏர்போர்ட்டில் இருபத்தேழு காட்டியதாம். இன்னும் மூன்று கிலோவுக்குச் சாமான் வைத்திருக்கலாமே என்று திரும்பி வந்தும் புலம்பினான். ஏர்போர்ட் தராசு கோளாறு என்று எல்லோருமாக முடிவு செய்தார்கள். எடைக்கல்லின்மேல் யாருக்காவது சந்தேகம் வருமா?

பன்னீர்செல்வத்துக்கு ஆத்திரம் வந்தது. அடுத்து வெள்ளரிக்காயும் கீரைத்தண்டும் தண்ணீரும்தான். ஒரு குப்பூஸ் ரொட்டியை நாலாகக் கிழித்து நாலு வேளை சாப்பிட்டார். காலை, மதியம், மாலை தராசில் ஏறினார். சட்டையைக் கழற்றிவிட்டு ஏறினார், வாட்சைக் கழற்றிவிட்டு ஏறினார், முடி வெட்டிக்கொண்டு வந்து ஏறினார். இரண்டாம் வாரம் கிடங்கில் நட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது நட்டெல்லாம் தட்டாம்பூச்சியாகப் பறந்தன. நூஹு கிழவர் தாங்கிப் பிடித்திருக்காவிட்டால் நட்டுப் பெட்டியிலேயே விழுந்திருப்பார்.

டாக்டர் ஆமிரா இந்த முறை ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை சொல்லி, புரிந்ததா என்று கேட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். கொழுப்பைக் குறைக்கச் சொன்னேன், உயிரைக் குறைக்கச் சொல்லவில்லை என்றார். தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பயறு, கால் பங்குதான் சோறு. கையளவு வேர்க்கடலை. பேரீச்சை ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ரத்தத்துக்கும் நரம்புக்கும் வேண்டிய பி-பன்னிரண்டு என்கிற சத்து செடிகொடியில் கிடைக்காது, அதற்கு மாத்திரை, மறக்கக் கூடாது. சாயங்காலம் நடை. கடைசியாக ஒன்று: மெடிக்கல் நாள் வரைக்கும் தராசில் ஏறி உன்னை நீ நிறுத்துப் பார்க்கவே கூடாது. அந்த முள்ளைப் பார்த்துப் பார்த்துத்தான் உனக்குப் பைத்தியம் பிடித்தது. பன்னீர்செல்வம் அம்மா மேல் சத்தியம் செய்துவிட்டு வந்தார்.

மாயாண்டி அந்தப் பாதி, கால், கால் தட்டைப் பார்த்துவிட்டு, “சோறு மாதிரி இல்லைய்யா, பங்காளிக சொத்துப் பிரிச்ச மாதிரி இருக்கு” என்றார். சொன்னாரே தவிர மறுநாளிலிருந்து தனியாக ஒரு சட்டி ஏற்றினார். சைட் ரோடு முக்கில் மளிகைக்கடை வைத்திருந்த அதிராம்பட்டினத்து மீரா சாகிப்புக்கு விஷயம் போனதும் அவர் பன்னீர்செல்வத்தைத் தத்தெடுத்த மாதிரி ஆகிவிட்டார். மூட்டையிலிருந்து கொண்டைக்கடலை, காராமணி, கொள்ளு, கேழ்வரகு மாவு எல்லாம் அள்ளித் தந்தார். ஓமானிகள் காலையில் சாப்பிடுகிற ஃபூல் என்கிற பெரிய மொச்சைப் பயறை எலுமிச்சம்பழமும் சீரகமும் போட்டு மசிக்கச் சொல்லிக்கொடுத்தார். ஆட்டை விட்டது ஆட்டுக்கு நல்லது, கடலையைப் பிடித்தது நம் கடைக்கு நல்லது என்பார். அவர் மட்டும் நல்லியை உறிஞ்சிக்கொண்டேதான் இதைச் சொல்வார்.

கேழ்வரகுக் கூழ் வயிற்றில் கம்மென்று உட்கார்ந்தது. மாலையில் நடந்தார். கேம்ப்பைச் சுற்றிய நடை, துறைமுக வேலி வரை நீண்டது. நூஹு கிழவர் இரண்டாம் கோப்பை ஊற்றி முடித்ததும் பன்னீர்செல்வம் முதன்முறையாகக் கோப்பையை ஆட்டினார். கிழவர், உடம்புக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். இவர் பேன்ட் இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டிக்கொண்டு டூட்டிக்குப் போனார். கார்மேகத்துக்குக் கப்பல் கனவு நின்று, இப்போது தோணிக் கனவுதான் வந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் இளைத்துவிட்டீர்கள், கழுத்து தெரிகிறது என்றார்கள். அதையெல்லாம் சொன்ன வாயோடுதான், யாராவது பெட்டி கட்டினால், “பன்னீரண்ணே, ஒரு நிமிஷம் ஏறுங்க, நூறைக் கழிச்சுக்கிறோம்” என்றார்கள். தன்னை நிறுக்கக் கூடாது என்றுதானே சத்தியம், பெட்டியை நிறுக்கத் தடையில்லையே என்று அவரும் ஏறினார். பெட்டிக்குப் பின்னால் இருப்பவருக்கு முள் எங்கே தெரியப்போகிறது? ஏர்போர்ட்டில் ஒருவனுக்கு இரண்டு கிலோ கூடுதல் காட்டியது, இன்னொருவனுக்கு நாலு. தராசுக்காரன் தராசையே திருத்தமாட்டேன் என்கிறான் என்று ஏர்போர்ட்டைத்தான் வைதார்கள்.

மெடிக்கல் சனிக்கிழமை என்று ஆனது. அதற்கு முந்தின நாள் கார்மேகம் லீவில் புறப்படுகிறான். பரமக்குடியில் அவன் தங்கச்சிக்குக் கல்யாணம்.

வியாழன் மாலை பெட்டி கட்டினார்கள். அந்தக் கட்டுதல் இருக்கிறதே, அப்படி ஒன்றை அந்த கேம்ப் பார்த்ததில்லை. கம்பளி போனது, பால்பவுடர் டப்பாக்கள் போயின, டார்ச்லைட், தைலம், தங்கச்சிக்கு இஸ்திரிப் பெட்டி, மாப்பிள்ளைக்கு ஷேவிங் செட். பன்னீர்செல்வம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். அன்பரசன் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்து நூற்றிருபது என்றான். இன்னும் பத்து கிலோவுக்கு இடம் இருந்தது. கார்மேகத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் மீரா சாகிப் கடையில் மேலும் பால்பவுடர், பேரீச்சை, பாதாம், இன்னொரு கம்பளி வாங்கி வந்தான். ஏறினால் நூற்றிருபத்தாறு. இன்னும் இடம். மூன்றாவது நடைக்கு மீரா சாகிப்பே கடையைச் சாத்திவிட்டுச் சாமானோடு வந்து நின்று, கல்யாண வீட்டுச் சாமான் அல்லவா, இது பரக்கத்து, வைக்க வைக்க இடம் கொடுக்கும் என்று மனம் நெகிழ்ந்தார். ஒருவழியாக முள் நூற்று முப்பதைத் தொட்டதும் கைதட்டினார்கள். கயிறு கட்டித் தூக்கும்போது கார்மேகத்துக்கு முதுகில் சுளுக்கென்றது. ஆனாலும் தராசு சொல்லிவிட்டால் சொன்னதுதானே.

மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம், பன்னீர்செல்வம் காராமணிச் சுண்டலோடு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. ஏர்போர்ட்டிலிருந்து கார்மேகம்.

“யோவ் பன்னீரு, நீ எத்தனை கிலோய்யா?”

“நூறு” என்றார் இவர், பழக்கத்தில்.

“நூறாவது மண்ணாங்கட்டியாவது. பெட்டி நாப்பத்திரெண்டு காட்டுதுய்யா. பன்னெண்டு கிலோவை இறக்குங்கிறான். கியூவே என்னைய வேடிக்கை பாக்குது. ஒரு மனுசன் இளைக்கிறதுன்னா சொல்லிட்டு இளைக்கக் கூடாதா?”

“தினம் என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தே மாப்ள.”

“மூஞ்சியைப் பாத்தேன்யா. கழிக்கிறப்ப மூஞ்சியையா கழிச்சேன்? நூறைல்ல கழிச்சேன்.”

பன்னீர்செல்வத்துக்கு அப்போதுதான் உறைத்தது. பன்னிரண்டு கிலோ பெட்டியில் கூடியிருக்கிறது என்றால், அந்தப் பன்னிரண்டும் எங்கிருந்து குறைந்தது? அவர் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அப்படியென்றால் எண்பத்தெட்டு. நாளைக்குக் கடல் தெரியும். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, பாவம் அவன் நிலைமை, மன்னித்துக்கொள் என்று நாலு தடவை சொன்னார். சொல்லும்போதே ஒரு சந்தேகம் முளைத்தது.

“மாப்ள, சத்தியமாச் சொல்லு. கயிறு கட்டுனப்புறம் உள்ள எதையாச்சும் சொருகுனியா?”

சன்னமான குரலில், “சோப்பு” என்றான் கார்மேகம். “ஒரு டஜன். இல்ல, ரெண்டா? மீரா சாகிப் காக்கா கையில திணிச்சாரு, நான் இருட்டுல திணிச்சேன்.”

அதோடு பேலன்ஸ் தீர்ந்து போன் செத்தது. இவர் திரும்ப அடித்தால் எடுக்கவில்லை. ஏர்போர்ட் தரையில் பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் எப்படி எடுப்பான்?

மெஸ் முழுக்க இதே பேச்சு ஆகிவிட்டது. ஒரு டஜன் சோப்பு ஒன்றரைக் கிலோ. அப்படியானால் பன்னீர்செல்வம் எண்பத்தொன்பதரை, பிழைத்தார். இரண்டு டஜன் என்றால் மூன்று கிலோ. தொண்ணூற்றொன்று, கிடங்கு. மீரா சாகிப்பைக் கேட்டால், கல்யாண வீட்டுக்குக் கொடுக்கும்போது நான் எண்ணுவேனா என்று கோபித்துக்கொண்டார்.

சாயங்காலம் டிரைவர் ரெங்கராஜ் ஏர்போர்ட்டிலிருந்து ஒரு பையோடு திரும்பினார். கார்மேகம் இறக்கிய சாமான். மீதி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டானாம். மூன்று சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போனானாம், இஸ்திரிப் பெட்டியைக் கைப்பையில் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டானாம். பையில் பால்பவுடர், பேரீச்சை, ஒரு கம்பளி, ஒரு டஜன் சோப்பு. இன்னொரு டஜன் இருந்ததா, பரமக்குடிக்குப் பறக்கிறதா, யாருக்குத் தெரியும்?

பன்னீர்செல்வம் பையைத் தூக்கினார். கை இழுத்தது. ரூமுக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார், திரும்பி நடந்தார். மூச்சு வாங்கியது. கட்டிலில் பையை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவையும் ராத்திரி பகல் பாராமல் சுமந்துகொண்டா சாரம் ஏறினேன் என்று அவருக்குத் தன்மேலேயே இரக்கமும் வந்தது, கொஞ்சம் பெருமையும் வந்தது.

தராசு கட்டிலுக்கு அடியில்தானே இருக்கிறது, ஏறிப் பாருங்கள், முடிந்தது என்று எல்லோரும் நச்சரித்தார்கள். அன்பரசன் இழுத்து வெளியே வைத்தே விட்டான். பன்னீர்செல்வம் ஒரு காலைத் தூக்கினார். பிறகு காலை இறக்கி, தராசைக் கட்டிலுக்கு அடியிலேயே தள்ளிவிட்டார். சத்தியத்துக்காக மட்டும் இல்லை. முள் தொண்ணூற்றொன்றைக் காட்டினால் ராச்சாப்பாட்டை விட்டுவிடுவார், தண்ணீரை விட்டுவிடுவார், விடிவதற்குள் மறுபடி தட்டாம்பூச்சி பறக்கும். அவருக்குத் தன்னைப்பற்றி நன்றாகத் தெரியும் என்று சொன்னேன் அல்லவா.

“மாயாண்டிண்ணே, தட்டைப் போடுங்க. பாதி, கால், கால்” என்றார்.

மாயாண்டி கொண்டுவந்து வைத்தார். அப்போது அன்பரசன், இனிமேல் பெட்டி நிறுக்க நமக்கு நூறு கிலோ யார் என்று கவலைப்பட்டான். ரூமில் இருந்த அத்தனை கண்ணும் மெல்ல மாயாண்டி பக்கம் திரும்பின. இத்தனை மாதம் இரண்டு பேர் கறியைப் பொறுப்பாகச் சாப்பிட்ட உடம்பு. அவர் கரண்டியை வயிற்றுக்குக் குறுக்கே மறைத்துக்கொண்டு, “என்னடா பாக்குறீக, போங்கடா அங்கிட்டு” என்று சமையல்கட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலை கிளினிக். சேஃப்டி ஆபீசரும் வந்து நின்றார். பன்னீர்செல்வம் செருப்பைக் கழற்றிவிட்டு, வாட்சைக் கழற்றாமல், முடியும் வெட்டாமல் ஏறினார். முள் தள்ளாடியது. தொண்ணூறைத் தாண்டி ஒரு முறை எட்டிப் பார்த்தது. பிறகு மனமிரங்கி இந்தப் பக்கம் வந்து நின்றது. எண்பத்தொன்பதரை.

“ஒரு டஜன் சோப்புதான்” என்று அவர் தமிழில் கத்தினார்.

டாக்டர் ஆமிரா, என்ன சோப்பு, யாருக்குச் சோப்பு என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சைட் ஹிந்தியில் அந்தக் கதையைச் சொல்ல வழியே இல்லை. பன்னீர்செல்வம் சோப்பு போடுகிற மாதிரி, பெட்டியைத் தூக்குகிற மாதிரி, விமானம் பறக்கிற மாதிரியெல்லாம் நடித்துக் காட்டினார். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சேஃப்டி ஆபீசர் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார். ரத்தமும் சுத்தம், கொழுப்பு இறங்கியிருக்கிறது, தெம்பு குறையவில்லை, மாத்திரையை நிறுத்தாதே என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கே ஏறினார். வழியில் நூஹு கிழவர், தன் கிடங்குத் துணை போகிறதே என்கிற வருத்தத்தோடு, ஒரு கை நிறையப் பேரீச்சையை அவர் சட்டைப்பையில் போட்டுவிட்டார். குழாய்க்கு மேல் குழாய் பிடித்து, பெல்ட் கொக்கியை மாட்டி, கழற்றி, மாட்டி, உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மூச்சு கொஞ்சமும் வாங்கவில்லை. கடல் அங்கேயே இருந்தது. அவர் இல்லாத மாதங்களில் எங்கும் போய்விடவில்லை. கப்பல்கள் தீப்பெட்டி மாதிரி வரிசையாக நின்றன. காற்று வந்து, இடுப்பில் கயிறு கட்டிய பேன்ட்டைப் பாய்மரம் மாதிரி உப்பவைத்தது. தானும் கொஞ்சம் பறந்துவிடுவோமோ என்று அவருக்கே பயமாக இருந்தது, அந்தப் பயம் ரொம்பப் பிடித்தும் இருந்தது.

பத்து மணி சங்கு ஊதியது. சட்டைப்பையிலிருந்து ஒரு பேரீச்சையை எடுத்து வாயில் போட்டார். கடலைப் பார்த்துக்கொண்டே இன்னொன்று. கை மூன்றாவதைத் தேடிப் போனது. போன கையை வெளியே எடுத்து, விரல்களைக் கோப்பை பிடிக்கிற மாதிரி குவித்து, காற்றைப் பார்த்து லேசாக ஆட்டினார். பிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டார்.